அடுக்குச் சேர்மங்கள்: தளங்களுக்கு இடையே நடப்பவை

மலையகத்து மாணவர்களும் தோட்டத்துறையினரும் உலோக அடுக்குச் சேர்மங்கள் பற்றிக் கேட்டவற்றுக்கு இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (உயர்தர மாணவி, ஹட்டன்): ஐயா, எல்லாப் பளிங்குகளிலும் அணுக்கள் வரிசையாகத்தானே அமைந்துள்ளன? சிலவற்றை மட்டும் ஏன் அடுக்குச் சேர்மம் என்கிறோம்?

பதில்: கறியுப்பில் மூன்று அச்சுத் திசைகளிலும் பிணைப்பு ஒரே வலிமையுடையது. அடுக்குச் சேர்மத்திலோ தளத்துக்குள் பிணைப்பு மிக வலிது, தளங்களுக்கு இடையே மெலிது. மாத்தளைப் பக்கத்து மைக்காத் துண்டொன்று கிடைத்தால், அதன் ஓரத்தில் கத்தி அலகின் நுனியைச் செருகிப் பாருங்கள். ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு உரிந்து வரும். அப்போது சிலிக்கேற்றுத் தளம் உடைவதில்லை. தளங்களுக்கு இடையே உள்ள பொற்றாசியம் அயன் வரிசையில்தான் பிளவு ஏற்படுகிறது. ஓர் அடுக்கு ஏறத்தாழ 1 நனோமீற்றர் தடிப்புடையது என்பதால், 0.05 மில்லிமீற்றர் தகட்டில் சுமார் 50,000 அடுக்குகள் இருக்கும்.

கேள்வி (கள உத்தியோகத்தர், தலவாக்கலை): எங்கள் தேயிலை மலை மண்ணிலும் இத்தகைய சேர்மங்கள் உண்டா?

பதில்: நிறையவே உண்டு. நீண்டகால மழையால் சிலிக்கா கரைந்தோடிய இம்மண்ணில் கயோலினைற்று என்னும் களிக் கனியமும், அலுமினியம் ஐதரொட்சைட்டு அடுக்குகளாலான கிப்சைற்றும் மிகுந்துள்ளன. இரண்டிலும் அடுக்குகள் மின்னேற்றமற்றவை. ஐதரசன் பிணைப்புகள் அவற்றை நெருக்கிப் பிடிப்பதால் நீரோ அயன்களோ எளிதில் உட்புகுவதில்லை. எனவே இடும் பொற்றாசியத்தைத் தேக்கி வைக்கும் ஆற்றல் இம்மண்ணுக்குக் குறைவு. உரத்தைப் பல தவணைகளாகப் பிரித்து இடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மன்னார் மாவட்டத்து முருங்கன் கருமண் இதற்கு நேர்மாறானது: அதிலுள்ள களிக் கனியத்தின் அடுக்குகளுக்குள் நீர் புகுவதால் அது மழையில் பொருமி, வெயிலில் வெடிக்கிறது.

கேள்வி (பட்டதாரி மாணவர், பேராதனை): மகனீசியம்–அலுமினியம் இரட்டை ஐதரொட்சைட்டின் அடுக்குகளுக்கு இடையே நைத்திரேற்றை ஏற்ற முயல்கிறேன், காபனேற்றே வந்து சேருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இது பலருக்கும் நேரும் சிக்கல், விரிவாகவே சொல்கிறேன். மகனீசியம் ஐதரொட்சைட்டுத் தளத்தில் சில மகனீசியம் அயன்களின் இடத்தை மூவேற்ற அலுமினியம் பிடிக்கும்போது தளம் நேரேற்றம் பெறுகிறது. அதனை ஈடுசெய்ய எதிரயன்கள் இடைவெளிக்குள் வருகின்றன. ஈரேற்றமுடைய காபனேற்றை அத்தளங்கள் மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன. வீழ்படிவாக்கும் ஊடகமோ pH 10 அளவில் காரமானது. காற்றின் காபனீரொட்சைட்டு அதில் தாராளமாகக் கரைந்து காபனேற்றாகும். ஆகவே நீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள், புதிய சோடியம் ஐதரொட்சைட்டைப் பயன்படுத்துங்கள், நைதரசன் வாயு ஓடிக்கொண்டே இருக்கட்டும். கழுவும் நீரிலும் இதே கவனம் வேண்டும். பெரும்பாலோர் கோட்டைவிடுவது அங்கேதான். செப்பு இலக்கு எக்சு-கதிர்ப் படத்தில் முதற் சிகரம் 10 பாகைக்கு அருகே இருந்தால் ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்கான தூரம் ஏறத்தாழ 0.88 நனோமீற்றர், நைத்திரேற்று உள்ளே இருக்கிறது, 11.6 பாகைக்கு நகர்ந்திருந்தால் 0.76 நனோமீற்றர், காபனேற்று புகுந்துவிட்டது.

இதனை மெதுவாக நைத்திரேற்றை விடும் உரமாகத் தேயிலைக்கு இடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேயிலை விரும்பும் pH 4.5 முதல் 5.5 வரையான மண்ணில் இத்தளங்களே கரையத் தொடங்கும் என்பதால், நீங்கள் எதிர்பார்க்கும் மெதுவான வெளியேற்றம் அங்கு கிடைக்காது என்பதே என் கருத்து.

கேள்வி (இயந்திரப் பராமரிப்பாளர், பதுளை): மொலிப்டினம் கலந்த கிரீஸ் பயன்படுத்துகிறோம். அதே பொருளை நனோ ஆய்வாளர்கள் ஏன் கொண்டாடுகிறார்கள்?

பதில்: கிரீஸில் கலப்பது மொலிப்டினம் இருசல்பைட்டு. அதில் மொலிப்டினம் தளமொன்றை இருபுறமும் கந்தகத் தளங்கள் மூடியிருக்க, அடுக்குகளை மெலிந்த வந்தர்வாலிசு விசை மட்டுமே சேர்த்துவைப்பதால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன, கிரீஸுக்கு அது போதும். தனி அடுக்காகப் பிரித்தால் மின்னியல்பே மாறிவிடும்: திண்மத்தில் 1.2 இலத்திரன் வோற்று அளவிலான மறைமுகப் பட்டை இடைவெளி (இலத்திரன்கள் தாண்ட வேண்டிய சக்தி இடைவெளி), தனி அடுக்கில் 1.8 அளவிலான நேரடி இடைவெளியாகி ஒளியை நன்கு உமிழ்கிறது. இது 2010இல் காட்டப்பட்டது. சிறு துண்டுகளின் விளிம்பில் பிணைப்பு நிறைவுறாத அணுக்கள் இருப்பதால் அடுக்கு சுருண்டு தன்னைத்தானே மூடிக்கொள்ளவும் கூடும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரெஷெப் டென்னேயின் குழுவினர் 1992இல் தங்குதன் இருசல்பைட்டில் இத்தகைய நனோக்குழாய்களைக் கண்டனர்.

கேள்வி (ஆசிரியை, நுவரெலியா): போகல சுரங்கத்துக் காரீயமும் (கிரபைட்டு) இவ்வகையா?

பதில்: அடுக்கமைப்பு ஒத்தது, ஆனால் அது தனிக் காபன், உலோகச் சேர்மம் அன்று.