வயலுக்கு மேலே ட்ரோன்: ராமநாதபுரம் கடலோர விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

சாயல்குடியிலிருந்து: முண்டு மிளகாயில் இலை சுருள்வது எந்தப் பூச்சியால் என்று ட்ரோன் படத்தில் தெரியுமா ஐயா?

தெரியாது. நல்ல இலை சிவப்பொளியை உள்ளிழுத்து, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். வாடும் இலையில் இந்த வேறுபாடு குறையும். ஒளியின் பல நிறங்களைத் தனித்தனியே பதியும் பல்நிறமாலைக் கேமரா அதை அளந்து, என்டிவிஐ என்ற பயிர்நலக் குறியீடாக, வாடும் இடம் சிவப்பாகத் தெரியும்படி வண்ணமிட்டுத் தருகிறது. காரணத்தை அறிய நீங்கள்தான் அந்த இடத்துக்கு நடந்து செல்ல வேண்டும். ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போலக் குவிந்திருந்தால் இலைப்பேனைச் சந்தேகியுங்கள். குருத்தை வெள்ளைத்தாளின் மேல் தட்டினால் மெல்லிய பூச்சிகள் உதிர்ந்து ஊர்வதைக் காணலாம். கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தியாக இருக்கக்கூடும். ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பெரும்பாலும் பயன்படாது. நன்மை செய்யும் பூச்சிகள்தான் மடியும். வயல் முழுவதும் தெளிக்காமல், பாதித்த பகுதிக்கு மட்டும் தெளிக்க முடிவதையே இந்தக் கருவியின் பெரும்பயனாக நான் கருதுகிறேன்.

இளஞ்செடிகளுக்கு இடையே வெறும் மண் தெரியும் பருவத்தில் என்டிவிஐ தவறான எண்ணத்தைத் தரும் என்பதால், மண்ணின் தாக்கத்தைக் கழிக்கும் ‘சாவி’ (SAVI) என்ற குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

திருப்பாலைக்குடியிலிருந்து: நெல் வயலில் ட்ரோன் படம் சிவப்பாகக் காட்டும் இடங்களுக்கெல்லாம் யூரியா போடலாமா?

பொறுங்கள். தழைச்சத்துக் குறைவு, கடைமடைக்குக் கண்மாய்த் தண்ணீர் எட்டாமை, உவர் ஆகிய மூன்றும் படத்தில் ஒரே நிறமாகவே விழும். ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே வடிவில் திட்டு தோன்றினால், நம் கடலோரத்தில் முதலில் உவரைத்தான் நினைக்க வேண்டும். அங்கிருந்து மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண்ணிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் அது உவர் நிலம். யூரியாவுக்குச் செலவிடும் பணத்தை வடிகாலுக்கும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதற்கும் செலவிடுவதே மேல்.

உச்சிப்புளியிலிருந்து: என் சொந்த நிலத்தில் பறக்கவிட அனுமதி வேண்டுமா?

சொந்த நிலமானாலும் வான்வெளிக்கு விதி உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இன்றிப் பறக்கவிடக் கூடாது. உங்கள் ஊரில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் இருப்பதால், இந்த மண்டலங்களைக் காட்டும் அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணைய வரைபடத்தைப் பார்க்காமல் கருவியை வெளியே எடுக்கவே வேண்டாம்.

தொண்டியிலிருந்து: செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கும்போது ட்ரோன் எதற்கு?

நியாயமான கேள்வி. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படம் 5 நாளுக்கு ஒருமுறை கிடைக்கும். ஆனால் அதன் ஒரு புள்ளி 10 மீட்டர் அகலம் என்பதால் சிறு வரப்புகளுக்குள் நடப்பது தெரியாது. நமக்குப் பயிர் நிற்கும் வடகிழக்குப் பருவத்தில் மேகம் அதை மறைத்துவிடும், ட்ரோனோ மேகத்துக்குக் கீழே பறக்கும். மழையில்லாத முற்பகலில், கடற்காற்று வலுப்பதற்கு முன் பறக்கவிட்டு, இறக்கியதும் மோட்டாரில் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி வையுங்கள்.