பாடியவர் சரி சொன்னால் போதுமா?

கேள்வி: சிறு முதலீட்டில் ஒரு படம் முடித்து வைத்திருக்கிறேன். டீக்கடைக் காட்சியில் 1986-ல் வந்த ஒரு சினிமாப் பாட்டு ரேடியோவில் 22 விநாடி ஓடுகிறது. கிளைமாக்ஸில் கதாநாயகி அதே பல்லவியைத் தன் குரலில் பாடுகிறாள். பாடியவரிடம் வாட்ஸ்அப்பில் அனுமதி வாங்கி, டைட்டிலில் நன்றி கார்டும் போட்டேன். இப்போது ஆடியோ கம்பெனி 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. 30 விநாடிக்குள் இருந்தால் தப்பில்லை என்கிறார்களே?
– வாசகர், சாலிகிராமம்

பதில்: அந்த 30 விநாடிக் கணக்கு கோடம்பாக்கத்து டீக்கடையில் உண்டு, 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. எடுத்தது பாட்டின் முக்கியப் பகுதியா என்பதுதான் கேள்வி. 22 விநாடியில் பல்லவியே வந்துவிடும். ‘பின்னணியில்தானே கேட்கிறது’ என்பதும் எடுபடாது. 52-ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருப்பது சுவரில் மாட்டிய ஓவியம் போன்றவற்றுக்கு, பாட்டுக்கு இல்லை. கடைக்காரர் பாட்டுப் போட ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் சங்கம்) லைசென்ஸ் வைத்திருந்தாலும், அது கடையில் ஒலிக்கத்தான். படத்தில் சேர்க்க உதவாது.

ஒரு பாட்டுக்குள் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. பாடகருக்கு ராயல்டி போன்ற சில உரிமைகள் உண்டு. ஆனால் இந்த மூன்றில் எதையும் உங்களுக்கு எடுத்துக் கொடுக்க அவரால் முடியாது. நன்றி கார்டு இன்னும் மோசம்: பாட்டு யாருடையது என்று தெரிந்தே எடுத்தீர்கள் என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சி அது.

1986 ஒலிப்பதிவுக்கு 2046 டிசம்பர் வரை பதிப்புரிமை நிற்கும். ரேடியோ காட்சிக்கு மூன்று உரிமையும் வேண்டும். கதாநாயகி பாடும் இடத்தில் பழைய ஒலிப்பதிவு இல்லை. அங்கே வரிகளுக்கும் மெட்டுக்கும் மட்டும் அனுமதி போதும். ஆகவே, கம்பெனியிடம் ஒலிப்பதிவு உரிமை மட்டும் இருந்தால் கிளைமாக்ஸை அவர்கள் தொட முடியாது.

அதனால் பதில் நோட்டீஸில் தவறை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். பாட்டு வந்த 1986 படத்தின் தயாரிப்பாளர் ஆடியோ கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்தக் காலப் பாட்டுக்கு முதல் உரிமையாளர் பெரும்பாலும் தயாரிப்பாளர்தான். 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுவே. ஆனால் அவர் எதை விற்றார் என்பது காகிதத்தில்தான் இருக்கும். இசைத்தட்டு, கேசட் என்று மட்டும் எழுதியிருந்தால், வேறு படத்தில் சேர்க்க அனுமதி தரும் அதிகாரம் கம்பெனிக்கு உண்டா என்பதே வழக்காகிவிடும்.

உரிமை உறுதியானால் எழுத்தில் லைசென்ஸ் வாங்குங்கள். 30-ஆம் பிரிவு எழுத்தைத்தான் கேட்கிறது. எந்தக் காட்சி, எத்தனை விநாடி, யார் குரல், தியேட்டர், ஓ.டி.டி., சாட்டிலைட், யூடியூப், டிரெய்லர், எந்தெந்த நாடு, எத்தனை வருடம் எல்லாம் அதில் வரட்டும். டிரெய்லரை விட்டுவிட்டுப் பிறகு தனியாகப் பணம் கட்டியவர்கள் உண்டு. நாளை இசையமைப்பாளரோ பாடலாசிரியரோ உரிமை கேட்டு வந்தால் நஷ்டத்தைக் கம்பெனி ஏற்கும் என்ற வரியும் கட்டாயம்.

63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உங்களுக்கு உண்மையான ஆபத்து அதுவல்ல, ரிலீஸுக்கு முந்தின நாள் வரும் தடை உத்தரவு. சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்போதே கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே கொடுக்கும் மனு) போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும். உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை வாங்குவது அப்புறம் சுலபமில்லை.

பேரம் படியாவிட்டால் பாட்டை எடுத்துவிடலாம். மிக்ஸிங்கில் சேர்த்த பாட்டு என்றால் அந்த டிராக்கை மட்டும் மாற்றினால் போதும். ஷூட்டிங்கிலேயே ரேடியோவை ஓடவிட்டு லைவ் சவுண்டில் பிடித்திருந்தால் வசனத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். டீக்கடைக் காட்சி முழுவதையும் டப்பிங் செய்ய வேண்டிவரும். சென்சார் முடிந்திருந்தால் இந்த மாற்றத்தை வாரியத்துக்குத் தெரிவித்துவிட்டுத்தான் ரிலீஸ் செய்ய வேண்டும்.