கன்ட்ரோலரைச் செருகியாச்சு, கேம் கண்டுக்கவே மாட்டேங்குது: கேள்வி பதில்

பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், கடையில் பெயர் இல்லாமல் விற்கிற மாடல் என்று எதைப் பற்றியும் கேளுங்கள். வேறு ஏதும் சொல்லாவிட்டால் விண்டோஸ் 10 அல்லது 11 என்று எடுத்துக்கொள்வேன்.

குட்டிப்புலி: அண்ணா, சும்மா கிடந்த பிஎஸ்4 கன்ட்ரோலரை லேப்டாப்பில் செருகினேன். லைட் எரியுது, சார்ஜும் ஏறுது. கேமில் மட்டும் ஒரு பட்டனும் வேலை செய்யலை. போயிடுச்சா?

பதில்: பெரும்பாலும் கன்ட்ரோலர் நன்றாகத்தான் இருக்கும். முதல் சந்தேகம் கேபிள் மேல். சில மைக்ரோ யுஎஸ்பி கேபிள்களில் சார்ஜுக்கான கம்பி மட்டும்தான் உள்ளே ஓடும், டேட்டா போகாது. கேபிளை மாற்றிவிட்டு, விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, வருகிற பெட்டியில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என்று அடித்து என்டர் தட்டுங்கள். பட்டியலில் 'வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்று வந்தால் (வயரில் செருகியிருந்தாலும் அப்படித்தான் காட்டும்) ப்ராப்பர்ட்டீஸ் போய் பட்டன்களை அழுத்திப் பாருங்கள். அங்கே விளக்கு மினுக்கினால் விண்டோஸுக்குக் கன்ட்ரோலர் தெரிகிறது, கேமுக்குத்தான் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்றால், 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு இருந்த டைரக்ட்இன்புட்டில் எந்த பட்டன் எதற்கு என்று ஒவ்வொரு ஜாய்ஸ்டிக்குக்கும் நாமே உட்கார்ந்து செட் பண்ண வேண்டும். எக்ஸ்இன்புட்டில் இரண்டு ஸ்டிக், இரண்டு ட்ரிகர், பட்டன்கள் எல்லாமே முன்கூட்டியே முடிவானவை, அதனால் கேம் எழுதுகிறவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். சோனி கன்ட்ரோலருக்கு அந்த முறை தெரியாது. ஆகவே நடுவில் ஒரு தரகர் வேண்டும். கேம் வாங்கித் திறக்கிற ஸ்டீம் ப்ரோகிராம் வைத்திருந்தால் அதுவே தரகர்: செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் பிளேஸ்டேஷனுக்கான ஸ்டீம் இன்புட்டை ஆன் செய்தால் போதும். வெளியே வாங்கிய கேமையும் ஸ்டீம் லைப்ரரியில் சேர்த்து அங்கிருந்து திறக்கலாம், ஆனால் சொந்த லாஞ்சர் (கேமைத் திறந்துவிடும் தனி ப்ரோகிராம்) உள்ள சில கேம்களில் இது எடுபடாது. அப்போது டிஎஸ்4விண்டோஸ் என்ற ப்ரோகிராமைப் போடுங்கள். அதனுடன் வரும் விஜெம்பஸ் டிரைவர், கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரை உண்டாக்கி கேமிடம் காட்டும்.

ராத்திரி ஆந்தை: ப்ரோ, மேலே சொன்ன ரெண்டையும் ஏற்கெனவே போட்டிருக்கேன். மெனுவில் ஒரு தடவை கீழே தட்டினால் ரெண்டு வரி தாண்டுது.

பதில்: ரெண்டையும் போட்டதுதான் பிரச்சினையே. ஒரே வியாபாரத்தில் ரெண்டு தரகர் நுழைந்தால் இப்படித்தான் ஆகும். எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இந்த ஒரே விஷயம்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மூடுங்கள். டிஎஸ்4விண்டோஸ்தான் வேண்டும் என்றால், ஸ்டீமில் அந்த கேமின் ப்ராப்பர்ட்டீஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டீம் இன்புட்டை டிசேபிள் செய்யுங்கள். அதற்குப் பிறகும் இரட்டிப்பாக வந்தால் கேம் நிஜக் கன்ட்ரோலரையும் பொய்க் கன்ட்ரோலரையும் சேர்த்தே பார்க்கிறது என்று அர்த்தம். ஹிட்ஹைட் என்ற சின்ன டிரைவரைப் போட்டு நிஜத்தை மறைத்துவிடலாம்.

சுகன்யா: தம்பிக்காகக் கேட்கிறேன். எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் கன்ட்ரோலர், கூடவே சார்ஜ் கேபிளும் இருக்கு. செருகினால் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கவே இல்லை.

பதில்: கண்டுபிடிக்காது. அந்தக் கேபிள் மின்சாரத்துக்கு மட்டும், பட்டன் தகவல் எல்லாம் காற்று வழியாகத்தான் போகும், அந்த மாடலில் புளூடூத்தும் கிடையாது. 360க்கான வயர்லெஸ் ரிசீவர் என்று தனியாக ஒன்று உண்டு, அது இல்லாமல் வழியில்லை. ரிசீவரைத் தேடி அலைவதைவிட வயர் வைத்த 360 கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.

டீக்கடை கேமர்: என்னுடையது எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர். புளூடூத் லிஸ்டில் வரவே மாட்டேங்குது.

பதில்: நடுவில் உள்ள எக்ஸ்பாக்ஸ் லோகோ பட்டனைச் சுற்றிய பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அது மேலே இருக்கும் பளபளப்பான பம்பரோடு (மேல் விளிம்புப் பட்டன்கள்) ஒட்டிய துண்டாக இருந்தால் 2013 பாணி பழைய மாடல், புளூடூத் இல்லை. முகப்போடு ஒரே துண்டாக இருந்தால் 2016இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் கூட வந்த மாடல், அல்லது அதற்குப் பிந்தையது, புளூடூத் உண்டு. பழையது என்றால் மைக்ரோ யுஎஸ்பி கேபிளிலேயே அருமையாக வேலை செய்யும். வயர் பிடிக்காது என்றால் எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டர் வாங்க வேண்டும்.

வண்டிக்காரன்: ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் பழைய பிசி வெர்ஷனில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் போட்டால் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் குழப்பமா வருது அண்ணா. கேமராவும் ஒழுங்கா திரும்பலை.

பதில்: இது தலைகீழ் கேஸ். 2005 கேம், அது பேசுவது டைரக்ட்இன்புட். அந்த முறையில் எக்ஸ்பாக்ஸின் இரண்டு ட்ரிகரும் ஒரே அச்சின் இரண்டு முனைகளாகத் தெரியும், ரெண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் ஆகிவிடும். ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தி டயரைச் சுழற்றுகிற பர்ன்அவுட் எப்படிப் போடுவது? ஜிஇன்புட் என்ற மாட் (கேமை மாற்றியமைக்கிற கூடுதல் ஃபைல்) போடுங்கள், எக்ஸ்இன்புட்டை கேமுக்குள் கொண்டுவந்துவிடும், வைப்ரேஷனும் வரும். ஜிடிஏ 3க்கும் வைஸ் சிட்டிக்கும்கூட உண்டு.

மஞ்சள் பை: பிஎஸ்5 கன்ட்ரோலர். செருகினவுடனே ஸ்பீக்கர்ல சத்தம் நின்னுடுது. இன்னொண்ணு, ட்ரிகர் கெட்டியாகிற அந்த எஃபெக்ட் வரவே இல்லை.

பதில்: டூயல்சென்ஸில் (பிஎஸ்5 கன்ட்ரோலரின் பெயர்) ஸ்பீக்கரும் ஹெட்போன் ஓட்டையும் இருப்பதால் விண்டோஸ் அதை ஒரு சவுண்ட் கார்டாக எண்ணி சத்தத்தை அங்கே திருப்பிவிடுகிறது. டாஸ்க்பார் ஸ்பீக்கர் ஐகானில் பழைய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள், தீர்ந்தது. ட்ரிகர் எஃபெக்ட் அதை ஆதரிக்கிற கேம்களில் மட்டுமே வரும், அவற்றிலும் பலவற்றுக்கு யுஎஸ்பி வயர் கட்டாயம். அந்த கேம்களுக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை அணைத்துப் பாருங்கள். கேமுக்கே சோனி கன்ட்ரோலர் தெரியும்போது தரகர் எதற்கு?

ஸ்விட்ச் சித்தப்பா: ப்ரோ கன்ட்ரோலரில் ஏ அழுத்தினா பி வேலை செய்யுது.

பதில்: நின்டெண்டோவில் ஏ, பி இரண்டும் எக்ஸ்பாக்ஸுக்கு இடம் மாறி இருக்கும். ஸ்டீம் கன்ட்ரோலர் செட்டிங்ஸில் நின்டெண்டோ லேஅவுட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

கரிசல்: கதாநாயகன் தானாகவே இடப்பக்கம் நடந்து போறான் சார்.

பதில்: ட்ரிஃப்ட். ஸ்டிக்குக்குக் கீழே இருக்கும் கார்பன் தடம் உரசி உரசித் தேய்ந்ததால் வருவது. ஸ்டீமிலோ டிஎஸ்4விண்டோஸிலோ டெட்ஸோனை (ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் அளவு) கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், நடை நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். ரொம்பக் கூட்டினால் லேசாகத் தள்ளிக் குறி பார்ப்பது போய்விடும். ரிப்பேர் செய்வதாக இருந்தால் அல்லது புதிதாக வாங்கினால் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் கேளுங்கள், அதில் காந்தம்தான் வேலை செய்கிறது, உரசலே இல்லை.

சின்னச்சாமி: வேலரன்ட்டில் கன்ட்ரோலர் வைக்க என்ன வழி?

பதில்: பிசியில் அந்த கேம் கன்ட்ரோலரை ஆதரிப்பதில்லை. குறுக்கு வழியில் கீபோர்டாக மாற்றி ஓட்டலாம் என்று வீடியோக்கள் இருக்கும். ஆன்டிசீட் (ஏமாற்று வேலையைப் பிடிக்கிற மென்பொருள்) உள்ள இடத்தில் அந்த வேலை வேண்டாம், அக்கவுண்ட் போனால் திரும்பாது.

ஹாஸ்டல் 12: புளூடூத்தில் நடுநடுவே பட்டன் தாமதமா விழுது.

பதில்: யுஎஸ்பியில் குத்துகிற புளூடூத் டாங்கிளை டவரின் பின்பக்கம், யுஎஸ்பி 3 போர்ட்டுகளுக்கு நடுவே குத்தியிருப்பீர்கள். அந்தப் போர்ட்டுகளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழும், புளூடூத்தும் அதே அலையில். சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேசை மேல் கொண்டுவாருங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் வயர்தான்.