தரங்கம்பாடிக் கோட்டை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(சென்ற இதழில் பூம்புகார்ப் பயணம் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த செட்டிநாட்டு வாசகர்கள் பலர், அதே கரையில் தெற்கே உள்ள தரங்கம்பாடியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கேள்விகளுள் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.)

கேள்வி: வரும் மாதம் எங்கள் ஐயாவுக்குத் திருக்கடையூரில் எண்பதாம் சாந்தி செய்யவிருக்கிறோம். மறுநாள் காலையில் தரங்கம்பாடிக்குப் போய்வர எண்ணம். கடற்கரையில் ஒரு கோட்டையைப் பார்ப்பதற்காகப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லலாமா? — வாசகி ஒருவர், தேவகோட்டை

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். திருக்கடையூரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். ஆனால் கோட்டையை மட்டும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அந்தக் கோட்டையை எழுப்பியவர்கள் ஊரை வென்று வந்தவர்கள் அல்லர். கேட்டு வாங்கி வந்தவர்கள். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் 1616-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றுக்கு அனுமதி அளித்தார். 1618-இல் புறப்பட்ட அதன் கப்பல்களுக்குத் தலைமை ஏற்று வந்த ஓவே ஜெட்டே, 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, ஆண்டுதோறும் பணம் கட்டுவதாக ஒப்புக்கொண்டே இந்தக் கடலோரச் சிற்றூரைப் பெற்றார். அப்போது நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னோலையில் தமிழில் எழுதியனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

டேனியர் தேடி வந்தது மிளகு. ஆனால் மிளகு விளைந்த கீழைத் தீவுகளில் வெள்ளியைவிட நம் நாட்டுத் துணிக்கு மதிப்பு மிகுதி என்பதால், தறிகளும் துறையும் அருகருகே அமைந்த ஓர் ஊர் அவர்களுக்குத் தேவைப்பட்டது. கொண்டுவிற்கப் போன நம் முன்னோரின் கணக்கை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

இன்னொரு செய்தியை உங்கள் ஐயாவுக்கு அவசியம் சொல்லுங்கள். 1640-களின் தொடக்கத்திலிருந்து 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. கோட்டையில் இருந்த டேனியர் நோயிலும் பிரிவிலும் குறைந்துகொண்டே வந்து, 1655 அளவில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒருவர்தான் எஞ்சினார். சாதாரணச் சிப்பாயான அவர், அடுத்த கப்பல் வரும்வரை ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் கோட்டையில் டென்மார்க்கின் கொடியை இறக்காமல் காத்தார்; ஊரைச் சுற்றி மதில் எழுப்பியதும், முற்றுகைகளைத் தாங்கி நின்றதும் அவர் காலத்தில்தான். ஒரு மனிதர் தனியாக மதில் எழுப்பவும் முடியாது, முற்றுகையைத் தாங்கவும் முடியாது. மண் சுமந்தவர்கள், காவல் நின்றவர்கள், சோறு ஆக்கிப் போட்டவர்கள் எல்லாரும் இந்தக் கரையின் மக்களே. அவர்கள் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை என்பது அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

கேள்வி: தரங்கம்பாடி என்றால் ‘அலைகள் பாடும் இடம்’ என்று பொருள் சொல்கிறார்களே, அது சரியா? — வாசகர் ஒருவர், பள்ளத்தூர்

தரங்கம் என்றால் அலை, அதில் ஐயமில்லை. ஆனால் ‘பாடி’ என்பது பாடுவதைக் குறிக்கவில்லை. வாணியம்பாடி, காட்பாடி என்பவற்றில் வருவதைப் போல ஊரைக் குறிக்கும் பழஞ்சொல் அது. ஆகவே ‘அலையூர்’ என்று கொள்வதே பொருந்தும். டேனியர் வருவதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூருக்குச் ‘சடங்கன்பாடி’ என்ற பெயரும் இருந்தது. முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்தால், நம் பாண்டி நாட்டு மன்னனின் கை இந்தச் சோழநாட்டுக் கரைவரை நீண்டிருந்தது புரியும். அந்தக் கோயிலின் முன்பகுதிகளைக் கடல் கொண்டுபோய்விட்டது.

கேள்வி: சீகன்பால்குவை அந்தக் கோட்டையிலேயே சிறை வைத்தார்கள் என்பது உண்மையா? அவரை அனுப்பியவர்களே அப்படிச் செய்வார்களா? — கல்லூரி மாணவி ஒருவர், காரைக்குடி

உண்மைதான். கிறித்தவ சமயப் பணியாளரான ஜெர்மானியர் சீகன்பால்குவை டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பினார். 1706 ஜூலை 9 அன்று அவர் இங்கே இறங்கினார். அரசரின் எண்ணம் ஒன்றாகவும் கம்பெனியின் எண்ணம் வேறாகவும் இருந்தன. வணிகத்துக்கு ஊறு வரும் என்று அஞ்சிய கோட்டைத் தலைவர் ஹாசியுஸ், எளிய மக்களுக்காகப் பேசிய அவரை 1708-இன் இறுதியில் பிடித்து நான்கு மாதம் அடைத்து வைத்தார்.

திண்ணைப் பள்ளிச் சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்ற மனிதர் அவர். பின்னர் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன; அவை பெரியவையாக இருந்து தாளை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சாகி முடிந்தது. தமிழின் முதல் அச்சு நூல் இதுவே என்று சிலர் எழுதுவது பிழை. கொல்லத்தில் 1578-லேயே தமிழ் எழுத்து அச்சேறிவிட்டது. சீகன்பால்கு 1719-இல், நாற்பது வயது நிறைவதற்குள் காலமானார். அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவருடைய கல்லறை இருக்கிறது.

கேள்வி: மல்லிப்பட்டினத்து மனோராவும் டேனியர் கோட்டையா? — வாசகர் ஒருவர், புதுவயல்

இல்லை. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னர் 1814-15-இல் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம் அது.

கேள்வி: கோட்டையின் கீழ்த்தள அறைகளில் சுவர் பொரிந்து உதிர்வதைப் பார்த்தேன். எங்கள் வீட்டு முகப்புச் சுவரும் அப்படித்தான் உதிர்கிறது; சிமெண்ட் பூசிவிடலாம் என்று கொத்தனார் சொல்கிறார். தங்கள் கருத்து என்ன? — வாசகர் ஒருவர், கானாடுகாத்தான்

சரக்கறை, சிறை, சிப்பாய்களின் இருப்பிடம் என்று பயன்பட்ட அந்தக் கீழ்த்தள அறைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. சுவரில் விரலை வைத்துத் தேய்த்தால் மாவுபோல வெள்ளைப் பொடி ஒட்டும்; அது உப்பு. ஈரம் சுவரில் ஏறி, வெளியே வந்து காயும்போது உப்பு மணியாகத் திரண்டு பூச்சைத் தள்ளிவிடுகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். கொஞ்சம் உதிரும், மீண்டும் பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்றுவிடும். மேலே பளபளப்பாகத் தெரியும் சுவர், சில ஆண்டுகளில் பாளம் பாளமாகச் செங்கல்லோடு பெயர்ந்து வரும்.

1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனபின், கோட்டை பயணியர் மாளிகையாகக் கிடந்தது; பின்பே தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. உங்கள் வீட்டுக்கு அத்தகைய துறை எதுவும் வராது. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் முற்றத்துத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பிறகு சுவரை நன்றாகக் காயவிடுங்கள். சுண்ணாம்பை நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசும் பழைய முறையை அறிந்த கொத்தனார்கள் நம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடுதலாகத்தான் கேட்பார்கள், கொடுத்துச் செய்யுங்கள். வேலை நடக்கும்போது உங்கள் வீட்டு இளைஞர் ஒருவரை அருகில் நிறுத்திக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.