தாழப் பறக்கிற விமானம்: கேட்டவர்களுக்குப் பதில்

விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக (விமான உடற்பகுதியைப் பராமரிப்பவர்) இருந்து ஓய்வு பெற்று இப்போது மண்டபத்தில் இருக்கிறேன். தாழப் பறந்து தரைப்படைக்கு உதவும் அமெரிக்காவின் ஏ-10 விமானத்தைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாம்பன் தம்பி: அண்ணே, ஒலியைவிட வேகமான ஜெட் இருக்கும்போது அமெரிக்கா ஏன் இவ்வளவு மெதுவான விமானத்தைச் செய்தது?

நீங்கள் கடலுக்குப் போகிற ஆள், உங்களுக்குச் சட்டென்று புரியும். பார் (கடலடிப் பாறை) ஓரத்தில் வலை விட விசைப்படகைக் கொண்டுபோவீர்களா? அங்கே வள்ளம்தான். வியட்நாமில் அமெரிக்கப் படையும் எதிரியும் சில நூறு மீட்டர் இடைவெளியில் நின்று சுட்டுக்கொண்டிருக்கும்போது, மேலே மின்னலாய்க் கடந்து போகிற ஜெட் பைலட்டுக்கு யார் எவர் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, எரிபொருளும் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைசியில் கைகொடுத்தது 1945-லேயே பறந்த ஸ்கைரெய்டர் என்ற காற்றாடி விமானம். மணிக்கணக்காகச் சுற்றும், நிறையக் குண்டு சுமக்கும். ஆனால் தரையிலிருந்து சுட்டதில் அதுவும் நிறைய விழுந்தது. அதனால்தான் 1966-ல், பிறகு ஏ-10 பிறந்த ஏ-எக்ஸ் திட்டம் தொடங்கியது. இன்னொன்றும் உண்டு: தரைப்படை ஷையன் என்ற தாக்குதல் ஹெலிகாப்டரைத் தானே செய்யக் கிளம்பியது, தரைப்படைக்கு உதவும் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலை விமானப்படைக்கு.

கீழக்கரையிலிருந்து: துப்பாக்கியைச் செய்துவிட்டு அதைச் சுற்றி விமானம் கட்டினார்கள் என்கிறார்களே?

ஏறக்குறைய சரி. ஏழு குழல், 30 மி.மீ. குண்டு, நிமிடத்துக்கு 3,900 என்ற வேகம். சுடுகிற குழல் விமானத்தின் நடுக்கோட்டில் வர வேண்டும், இல்லாவிட்டால் அந்த உதைப்பில் மூக்கு திரும்பிவிடும். அதற்காகத் துப்பாக்கியை இடப்பக்கம் நகர்த்தி, முன்சக்கரத்தை வலப்பக்கம் தள்ளி வைத்தார்கள். படத்தைப் பாருங்கள், தெரியும். ஆனால் துப்பாக்கி தனித் திட்டமாக ஓடியது, 1972-ல் நார்த்ராப் நிறுவனத்தின் ஒய்ஏ-9, ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் ஒய்ஏ-10 (ஏ-10-இன் முன்மாதிரி) இரண்டும் போட்டியிட்டபோது அது தயாராகவில்லை, 20 மி.மீ. துப்பாக்கியோடுதான் பறந்தன. 1973 ஜனவரியில் ஒய்ஏ-10 ஜெயித்தது.

தொண்டியிலிருந்து: அடிபட்டாலும் திரும்பி வருமாமே, எப்படி?

ஃபிட்டர் வேலை பார்த்தவனுக்கு மனசு நிறைகிற இடம் இதுதான். பைலட்டைச் சுற்றி ஏறக்குறைய 540 கிலோ டைட்டானியத் தொட்டி. இன்ஜின் இரண்டையும் உடம்புக்கு வெளியே, மேலே பின்பக்கமாகத் தூக்கி வைத்ததால் ஒன்று எரிந்தாலும் மற்றது பிழைக்கும், கரடுமுரடான ஓடுதளத்தில் கல்லும் உள்ளே போகாது. விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) அமைப்பு இரண்டு தனித்தனி. இரண்டுமே போனால் கேபிளை இழுத்துக் கைப்பலத்தில் ஓட்டலாம். 2003 ஏப்ரலில் பாக்தாத் மேல் அடிபட்ட கிம் கேம்ப்பெல் என்ற பெண் விமானி அப்படித்தான் வால் முழுக்க ஓட்டையோடு கொண்டுவந்து இறக்கினார். அப்புறம், சக்கரத்தை உள்ளே மடக்கினாலும் அடிப்பாகம் கொஞ்சம் வெளியே தெரியும், சக்கரம் இறங்காமல் வயிற்றில் தரையிறங்கினாலும் சேதம் குறைவு. இடப்பக்க, வலப்பக்க உதிரிபாகங்கள் பலவற்றை மாற்றிப் போடலாம். போர்முனையில் ரிப்பேர் பார்க்கிறவனையும் நினைத்து வரைந்திருக்கிறார்கள்.

பாம்பன் தம்பி: ரஷ்யாவிடம் இப்படி ஒரு விமானம் உண்டா?

உண்டு, சு-25. 1975 பிப்ரவரியில் முதலில் பறந்தது. ஆப்கானிஸ்தானில் அடி வாங்கி வாங்கித் தேறிய விமானம்.

ராமேஸ்வரம் மாணவி: ஐயா, நம் நாட்டில் ஏன் செய்யவில்லை? நான் ஏரோநாட்டிக்கல் படிக்க நினைக்கிறேன்.

இந்த ஒரே வேலைக்கென்று ஜெட் நாம் செய்யவில்லை அம்மா. 1971-ல் ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளை நொறுக்கியது பொதுவேலைக்கான ஹண்டர் ஜெட்தான். கார்கிலில் அவ்வளவு உயரத்தில் சண்டையிடும் ஹெலிகாப்டர் இல்லாமல் பட்ட பாட்டில் பிறந்ததுதான் பிரசண்ட் ஹெலிகாப்டர், 2022-ல் படையில் சேர்ந்தது. என் கருத்தில், நம் மலைக்கு அதுவே பொருத்தம்.

உங்கள் ஊர் கலாம் அய்யா குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது அவருக்கும் நான்கு நண்பர்களுக்கும் கொடுத்த புராஜெக்ட் என்ன தெரியுமா? தாழப் பறந்து தாக்கும் விமானத்தின் வடிவமைப்பு. வேலை திருப்தியில்லை, மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை கிடையாது என்று பேராசிரியர் சீனிவாசன் சொல்லிவிட்டார். கலாம் அய்யா தூங்காமல் உட்கார்ந்து வரைந்து முடித்தார். தைரியமாகச் சேருங்கள். கணக்கில் சந்தேகம் வந்தால் எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்.