நெற்றிச் சுருக்கம் இரட்டிப்பாகத் தெரிவது ஏன்?

கேள்வி: இசட்பிரஷ் என்ற முப்பரிமாணச் சிற்ப மென்பொருளில் ஒரு முதியவரின் தலையை ஆறாவது லெவல் (பரப்பை மேலும் மேலும் நுணுக்கமாகப் பிரிக்கும் படிநிலை) வரை செதுக்கினேன். முதல் லெவலிலிருந்து டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப், நார்மல் மேப் இரண்டையும் எடுத்து பிளெண்டர் மென்பொருளின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸில் சேர்த்துப் போட்டால், நெற்றிச் சுருக்கங்கள் கத்தியால் கீறியதுபோல் கறுத்துத் தெரிகின்றன. தனித்தனியாகப் போட்டால் சரியாக இருக்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

பதில்: தனித்தனியாகச் சரியாக இருக்கிறது என்றால் மேப்கள் பழுதில்லை. ஒரே சுருக்கம் இரண்டிலும் இருக்கிறது, அவ்வளவுதான். டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப் பரப்பையே நகர்த்திவிடுகிறது. நெற்றியில் பள்ளம் விழுந்ததும் ஒளி படும் கோணம் தானாக மாறிவிடும். பரப்பை நகர்த்தாமல் ஒளி படும் கோணத்தை மட்டும் மாற்றிக் காட்டும் உங்கள் நார்மல் மேப்போ முதல் லெவலின் வழவழப்பான நெற்றிக்கும் ஆறாவது லெவலுக்கும் உள்ள முழு வித்தியாசத்தையும் சுமந்து வந்து, ஏற்கெனவே சாய்ந்த பரப்பை இன்னொரு முறை சாய்க்கிறது.

நார்மல் மேப்பின் வலிமையைப் பாதியாகக் குறைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுருக்கம் கொஞ்சம் அடங்கும், கூடவே சருமத் துளைகளும் மங்கிப்போகும்.

எந்த விவரம் எந்த மேப்புக்கு என்று முதலில் பிரியுங்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது வெளிக்கோட்டில் தெரிய வேண்டியதெல்லாம், அதாவது புருவ மேடு, கண்ணுக்குக் கீழே உள்ள பை, ஆழமான சுருக்கம், கழுத்துத் தொங்கல், டிஸ்ப்ளேஸ்மென்ட்டுக்கு. நார்மல் மேப் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வெளிக்கோட்டை அசைக்காது. துளைகள், மெல்லிய வரிகள் நார்மலுக்கு.

இசட்பிரஷ்ஷில் துளைகளைத் தனி லேயரில் செதுக்கியிருந்தால் வேலை எளிது. அந்த லேயரை அணைத்துவிட்டு முதல் லெவலிலிருந்து டிஸ்ப்ளேஸ்மென்ட் எடுங்கள். பிறகு லேயரை இயக்கி, நார்மல் மேப்பை நான்காவது லெவலிலிருந்து எடுங்கள். நான்குக்கும் ஆறுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் அதில் பதிவாகும். லெவலுக்கு லெவல் முகங்கள் (மெஷ் என்ற வலைப்பரப்பை உருவாக்கும் சிறு துண்டுகள்) நான்கு மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம்: முதல் லெவலில் 5,000 முகங்கள் என்றால் நான்காவதில் 3,20,000. பிளெண்டரிலும் குறைந்தது மூன்று முறை சப்டிவைட் செய்தால்தான் (ஒவ்வொரு முகத்தையும் நான்காகப் பிரித்தால்தான்) பரப்பு அந்த அடர்த்திக்கு வரும்.

செதுக்கும்போது முதல் லெவலின் வடிவமும் லேசாக மாறியிருக்கும். ஆகவே செதுக்கத் தொடங்கிய பழைய பேஸ் மெஷ் வேண்டாம். மேப் எடுத்த அதே நிலையிலிருக்கும் முதல் லெவலை ஏற்றுமதி செய்யுங்கள்.

டிஸ்ப்ளேஸ்மென்ட் 32 பிட் இஎக்ஸ்ஆர் படக்கோப்பாக இருக்கட்டும். 8 பிட்டில் 256 படிகள்தான், கன்னம் படிக்கட்டாகிவிடும். பிளெண்டரின் டிஸ்ப்ளேஸ்மென்ட் நோடில் மிட்லெவல் (பரப்பு நகராமல் நிற்கும் மதிப்பு) இயல்பாக 0.5 என்றிருக்கும். இசட்பிரஷ்ஷில் மிட் மதிப்பு 0 வைத்து எடுத்த 32 பிட் மேப்புக்கு இங்கேயும் 0 வையுங்கள், இல்லாவிட்டால் தலையே உள்வாங்கிச் சுருங்கும். இரண்டு படங்களுக்கும் கலர் ஸ்பேஸ் நான்-கலர்.

இவ்வளவும் சொன்னாலும், சைக்கிள்ஸில் ஒரு ஸ்டில் படம்தான் தேவை என்றால் நான் நார்மல் மேப்பையே விட்டுவிடுவேன். துளைகளோடு சேர்த்த முழு டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப்பைக் கொடுத்து, மெட்டீரியல் செட்டிங்ஸில் ‘டிஸ்ப்ளேஸ்மென்ட் அண்ட் பம்ப்’ தேர்ந்தெடுங்கள். மெஷ் தாங்கும் அளவுக்குப் பரப்பு நகரும், தாங்க முடியாத நுண்விவரம் அதே படத்திலிருந்து பம்ப்பாக, அதாவது ஒளியால் மட்டும் காட்டும் மேடுபள்ளமாக வரும். எதுவும் இருமுறை எண்ணப்படாது. ஆர்னால்டு என்ற இன்னொரு ரெண்டர் இயந்திரத்தில் இதே வேலையை ஆட்டோபம்ப் செய்கிறது. பிளெண்டரின் மெட்டீரியல் செட்டிங்ஸில் ‘பம்ப் ஒன்லி’ என்று இருந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள். அதில் பரப்பு நகரவே நகராது.

சரிபார்க்க, நிறங்களை எடுத்துவிட்டு மங்கலான சாம்பல் மெட்டீரியல் போட்டு, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து ரெண்டர் செய்யுங்கள். நார்மலை அணைத்தால் துளைகள் மட்டும் மறைய வேண்டும். சுருக்கமும் மெலிந்தால் பிரித்தது சரியில்லை; லெவலை ஒன்று உயர்த்தி மீண்டும் எடுங்கள்.