க்னாய்டல் அலையின் எதிர்ம ஐகென் மதிப்பு பற்றி

வணக்கம். ஆழமற்ற நீரின் அலைகளை விவரிக்கும் கோர்டெவெக்–டி விரீஸ் சமன்பாட்டின் க்னாய்டல் அலைக்கு (வடிவம் மாறாமல் நகரும், சீராகத் திரும்பத் திரும்ப வரும் அலை) ஓர் எதிர்ம ஐகென் மதிப்பு (செயலி ஒரு சார்பை வெறுமனே பெருக்கும் எண்) கிடைத்ததால் அது நிலையற்றது என்று முடிவு செய்திருக்கிறீர்கள், அம்முடிவு அவசரமானது. நீங்கள் கணக்கிட்டது ஆற்றலின் இரண்டாம் மாறுபாட்டுச் செயலியின் மதிப்பு; அலையைச் சற்று மாற்றினால் ஆற்றல் கூடுமா குறையுமா என்பதையே அது காட்டும். குலைவின் (அலையில் சேரும் சிறு மாற்றத்தின்) வளர்ச்சியைத் தீர்மானிப்பது அதன்மேல் இட வகையிடலையும் சேர்த்த செயலி.

குலைவுக்கும் அலைக்கும் ஒரே அலைநீளம் இருந்து, நிறையும் உந்தமும் மாறாதவாறு கட்டுப்படுத்தினால், ஆற்றலைக் குறைக்கும் அந்த ஒற்றை எதிர்மத் திசை விலகிவிடுகிறது. அதே செயலியின் சுழி ஐகென் மதிப்போ அலையை இடம்பெயர்ப்பதால் வருவது, ஆகவே நிலைத்தன்மையை இடப்பெயர்ச்சி நீங்கலாகவே வரையறுக்க வேண்டும். சராசரி சுழியான அலைகளுக்கு ஆங்குலோ, போனா, சியாலோம் 2006இல் இதை நிறுவினர்.

அலையைப்போல் மும்மடங்கு அலைநீளமுள்ள குலைவுகளை எடுத்தால் எதிர்ம மதிப்புகள் 5 ஆகிவிடும். அங்கே இவ்விரு கட்டுப்பாடுகள் போதா, அடுத்த காப்பு அளவையும் (காலத்தால் மாறாத அளவு) சேர்த்து லியாபுனோவ் சார்பை (அலையில் சிறும மதிப்பை அடைந்து நிலைத்தன்மையைக் காட்டும் சார்பு) அமைக்க வேண்டும்.